தெள்ளுப்பூச்சிக்காக வீடு காலி செய்வதில்லை

வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்போதே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியிலேயே நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினார். சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

"பாத்தியாம்மா? நேத்து தண்ணிக் குழாய் பாக்க உள்ள வந்தேன். முழுசா ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட இருக்கல. விடிய விடிய சொறிஞ்சிட்டுக் கிடந்தேன்."

"தெள்ளுப்பூச்சி," என்று பின்னாலிருந்து மாமனார் எடுத்துக்கொடுத்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அந்த மனிதருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"பேரை யாரு சார் கேட்டா? எங்கருந்து வந்துச்சுன்னு கேளுங்க. உங்க பூனைகிட்டருந்து வந்துச்சு. உங்களுக்கு விடுறதுக்கு முன்னாடி இந்த வீட்டை மாசக்கணக்கா பூட்டி வெச்சிருந்தேன். பெயின்ட் அடிச்சு, மருந்தடிச்சு, ஒரு எறும்புகூட இல்லாமத்தான் சாவி குடுத்தேன். பூட்டின வீட்டுல பூச்சி எப்படி வரும்?"

அதே கேள்விதான் அவளுக்கும். மருமகள், மாமனார், ஒரு பூனை. மூவரும் இந்தக் கீழ்வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கடி தொடங்கிவிட்டது. பழைய காலத்துப் பலகைத் தரை. நடந்தால் கிர் கிர் என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்குத் தாளம் போடுகிற மாதிரி எங்கிருந்தோ ஒன்று துள்ளிக் காலில் ஏறும். பிடிக்கப் போனால் இருக்காது. மூட்டைப்பூச்சியையாவது நசுக்கலாம், கொசுவையாவது அடிக்கலாம். இது நகத்துக்கு நடுவில் மாட்டினாலும் வழுக்கிக்கொண்டு போகும் ஜாதி.

வீட்டுக்காரம்மா தீர்ப்பையும் சொன்னார். பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மறுபடி மருந்தடித்து இரண்டு மாதம் பூட்டிப் போடுவார். பட்டினி கிடந்து எல்லாம் சாகட்டும். "அப்புறம் பாக்கலாம்," என்றார்.

வீட்டுக்காரர்கள் சொல்கிற 'அப்புறம் பாக்கலாம்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று வாடகை வீட்டில் இருந்த எவருக்கும் தெரியும்.

"காலி பண்ண மாட்டேன்," என்றாள் அவள்.

"ஏன்?" என்றார் வீட்டுக்காரம்மா.

"மாட்டேன்னா மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, கையில் ஒரு காரணம்கூட இல்லாமல் சொல்லிவிட்டோம் என்று. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை. அதை வாசலில் நின்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல முடியாது, அவ்வளவுதான். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக இருந்த ஒரே இடம் புருஷன் வீடு. அங்கே திரும்பிப் போவதைவிடத் தெள்ளுப்பூச்சிக்குத் தன்னைத் தவணை முறையில் தின்னக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாள்.

புருஷன் அடிக்கிறவன் இல்லை. அடித்திருந்தால் ஊருக்குப் புரிய வைப்பதாவது சுலபமாக இருந்திருக்கும். அவன் செய்தது வேறு. பிடிக்காத வார்த்தை ஒன்று அவள் வாயிலிருந்து வந்தால், வாரக்கணக்கில் பேச மாட்டான். சுவரைப் பார்ப்பது போல அவளைப் பார்ப்பான். பேசினாலோ, "உனக்கு என்ன தெரியும்?" என்று சிரிப்பான். எல்லாரும் சொன்னார்கள், போகப் போகச் சரியாகிவிடும் என்று. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தாள். ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேஜையில், "அவ சொல்றதுல என்னடா தப்பு?" என்று மாமனார் கேட்டுத் தொலைத்தார். மகன் எழுந்து, தகப்பன் தட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தான். பாதி தின்ற கை அப்படியே நிற்க, கிழவர் தட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. மறுநாள் அவள் தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது, கூடையில் பூனையோடு மாமனார் வந்து கதவருகில் நின்றார்.

"என்னை மட்டும் எதுக்கும்மா விட்டுட்டுப் போற?"

அதன் பிறகு வீடு தேடிய கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். போகிற இடத்தில் எல்லாம், "இவரு யாரு? அப்பாவா?" என்பார்கள். "மாமனார்." "அப்ப உன் புருஷன்?" அதோடு சாவிக்கொத்து மறுபடி உள்ளே போய்விடும். இந்த வீட்டுக்காரம்மா மட்டும்தான் அதைக் கேட்கவில்லை. பூனையின் பெயரைத்தான் கேட்டார். "மேனேஜர்," என்றார் மாமனார். எந்த வேலையும் செய்யாமல் எல்லாரையும் முறைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு சாவியையும் கொடுத்துவிட்டார். பக்கத்து அறையை மட்டும் தன் பூட்டிலேயே வைத்துக்கொண்டார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன கம்பளமும் சோபாவும் அதில் கிடந்தன.

அவள் வேலை கார் கழுவும் கடையில். வெளியே தண்ணீர் அடிப்பது ஆண்கள். உள்ளே குடைந்து சுத்தம் செய்வது அவள். சீட்டுக்கு அடியில் கையை விட்டால், ஒரு குடும்பத்தின் வண்டவாளம் முழுக்க வெளியே வரும். காய்ந்த ரொட்டித் துண்டு, ஒற்றைக் கம்மல், யாருக்கோ தெரியாமல் குடித்த சிகரெட்டின் சாம்பல். எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள்.

வீட்டுக்காரம்மா வந்துபோன மறுநாள், ஒரு கார் வந்தது. வந்தது என்பதைவிட இழுத்து வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். உறை போட்டு மூலையில் பல மாதம் நின்ற கார். விற்கப் போகிறார்களாம். அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து, தூசி உறிஞ்சும் வேக்குவத்தை ஓட விட்டாள். பின் சீட்டின் அடியில் குழாயை விட்டதுதான் தாமதம், முழங்கை வரைக்கும் கறுப்புக் கறுப்பாகத் துள்ளி ஏறின. அவளுக்கு அறிமுகமான ஆட்கள்தாம். வீட்டில் தினமும் பார்க்கிற மூஞ்சி.

வெளியே குதித்து, கையைத் தட்டிக்கொண்டே கார்க்காரரைக் கேட்டாள்: "இதுல நாய் ஏத்துவீங்களா?"

"நாய் இருந்துச்சு. அது செத்தப்புறம்தான் காரையே எடுக்கல. ஏன்?"

"ஒண்ணும் இல்ல," என்றாள். ஆனால் கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி அங்கேயே நின்றுவிட்டாள். நாய் இல்லை. ஆள் இல்லை. கதவு மூடிக் கண்ணாடி ஏற்றிய கார். இத்தனை மாதம் எதைத் தின்று இருந்தன இவை? தின்னாமல் இருந்திருந்தால் எப்படி உயிரோடு இருந்தன? பூட்டின வீட்டுல பூச்சி எப்படி வரும் என்று கேட்டாரே வீட்டுக்காரம்மா, பூட்டிய காரில் எப்படி வந்தது?

அன்று வேலை முடிந்ததும் மாமனாரையும் மேனேஜரையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள். வைத்தியர் ஒரு பெண். ஒரு கையால் மேனேஜரின் பிடரியைப் பிடித்து, மறு கையால் சீப்புப் போட்டு, பேசிக்கொண்டே வேலை பார்க்கிறவர். அவள் கார் கதையைச் சொன்னாள்.

"கடிக்கிறது மட்டும்தான் உங்க கண்ணுல படுது," என்றார் வைத்தியர். "அது கடைசிக் கட்டம். முட்டை பூனை மேல நிக்காது, உதிர்ந்து தரையில விழுந்துடும். இடுக்குல புழுவாகும். அப்புறம் புழு கூடு கட்டிக்கும். கூடு பசை மாதிரி இருக்கும். தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டு, பக்கத்துல வெச்சுப் பாத்தாலும் தூசின்னுதான் நினைப்பீங்க. எவ்ளோ மருந்தடிச்சாலும் அதுக்குள்ள போகாது."

"கூட்டுக்குள்ள எவ்ளோ நாள் இருக்கும்?"

"ஆளு வர்ற வரைக்கும் இருக்கும். யாரும் இல்லாத வீட்டுல வெளிய வந்தா பட்டினிதானே? அதனால மாசக்கணக்கா காத்திருக்கும். தரை அதிரணும், மூச்சுக்காத்து படணும், உடம்புச் சூடு தெரியணும். ஆளு வந்தாச்சுன்னு தெரிஞ்சா பட்டுனு வெளிய வந்துடும்."

"அப்ப வீட்டைப் பூட்டிப் போட்டா?"

"பத்திரமா இருக்கும். அடுத்து வர்றவங்களுக்காக."

மாமனார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தாங்கள் செய்து வைத்திருந்த கூத்து அப்போதுதான் புரிந்தது. கடி பொறுக்காமல் முன்னறையை மூடிவிட்டு, உள்ளறை ஒன்றிலேயே மூவரும் ஒண்டிக்கொண்டார்கள். மேனேஜரைப் பகலெல்லாம் வெளியே துரத்தினார்கள். வாரம் ஒரு தடவை முன்னறையைத் திறந்து ஸ்பிரே அடித்துவிட்டு, அவசர அவசரமாக மறுபடி மூடினார்கள். திறக்கும்போதெல்லாம் புதுப் பட்டாளம் வரவேற்கும். பயந்து பயந்து ஓர் அறையை எதிரிக்கு எழுதிக் கொடுத்து, அதற்குக் காவலும் இருந்திருக்கிறார்கள்.

"இப்ப என்னதான் பண்றது?" என்றாள்.

"வீட்டுல இருங்க. அதான் வைத்தியம். எல்லா ரூம்லயும் நடங்க, புழங்குங்க, தினமும் வேக்குவம் போடுங்க. கூட்டுல இருக்கிற எல்லாத்தையும் வெளிய வரவைங்க. வெளிய வந்தாத்தான் சாகும். விரிப்பையெல்லாம் கொதிக்கிற தண்ணில போடுங்க. பூனைக்கு நான் மருந்து போட்டு விடுறேன், அதை வெளிய அனுப்பாதீங்க. அது மேல ஏறுறது அங்கேயே சாகும். அதுதான் உங்களுக்குப் பொறி." சீப்பைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். "ஒண்ணு சொல்லிடுறேன். முதல்ல அதிகமாகும்."

"அதிகமாகும்னா?"

"ரொம்ப அதிகமாகும். பயந்து பாதில விட்டீங்கன்னா அவ்வளவுதான்."

பூனையை விரட்டு, வீட்டைக் காலி செய், பூட்டிப் போடு. வீட்டுக்காரம்மா சொன்ன மூன்றும் அந்தப் பூச்சிகளே உட்கார்ந்து யோசித்துச் சொன்ன யோசனை மாதிரி இருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு வீராப்பு ஏறியது. வாசலில் காரணம் இல்லாமல் சொன்ன 'மாட்டேன்' இப்போது காரணத்தோடு வந்து நின்றது.

கடை முதலாளியிடம் கேட்டு, ஓரங்கட்டி வைத்திருந்த பழைய வேக்குவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்னறைக் கதவைத் திறந்தாள். காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, பலகை இடுக்கு ஒவ்வொன்றிலும் குழாயை வைத்து இழுத்தாள். உறிஞ்சியதை உறையில் கட்டி வெளியே குப்பையில் போட்டாள். அவள் இல்லாத நேரத்துக்கு மாமனார். நீளமான வெள்ளை சாக்ஸ் போட்டு, அதற்குள் பேன்ட்டைச் சொருகிக்கொண்டு, பகல் முழுக்க அறை அறையாக நடப்பது அவர் வேலை. வெள்ளையில் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததை சோப்புத் தண்ணீர்ச் சட்டியில் தட்டிவிடுவார். பலகையை ஓங்கி ஓங்கி மிதித்து, "வாடா வெளிய, ஆளு வந்தாச்சு!" என்று அழைப்பு வேறு. மேனேஜர் அறை நடுவில் உட்கார்ந்து, வழக்கம்போல எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அதற்கும் ஒரு வேலை இருந்தது, பாவம், அதற்கே தெரியாது.

வைத்தியர் சொன்னது பலித்தது. அதிகமானது. ரொம்பவே அதிகமானது. இரண்டு சாக்ஸும் மிளகு தூவியது போல ஆயின. மாமனாரின் இடுப்பில் பட்டையாகத் தடித்தது. அவளுக்குக் கழுத்து வரை கடி. கடையில், "என்னக்கா, அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார்கள். "ஆமா, ஆள் பிடிக்கிற அம்மை, பக்கத்துல வராத," என்று விரட்டினாள். ஆனால் வியாழக்கிழமை வாக்கில் அவளுக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டது. தினமும் சாகிறவை சாக, புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தால் இதற்கு முடிவுதான் எங்கே? ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா வந்து, "குறைஞ்சுதா?" என்று கேட்டால், "கூடியிருக்கு, அதுதான் நல்லது," என்று எந்த வாயால் சொல்வது?

அந்த நேரம் பார்த்து மாமனாரும் சறுக்கினார். மகன் போனில் நலம் விசாரித்தபோது, சொறிந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பூச்சி, வீட்டுக்காரம்மா வைத்த கெடு, எல்லாம்.

"ஞாயித்துக்கிழமை காரை எடுத்துட்டு வர்றானாம்," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நம்ம ரெண்டு பேருக்கும் இடம் ஒழிச்சு வெச்சிருக்கானாம்."

"உங்களுக்குப் போகணுமா மாமா?"

அவர் போய்விட்டால் தனியாக இந்த வீட்டில் இருக்க அவளால் முடியும். ஆனால் தோற்றது மாதிரி இருக்கும்.

"கால்ல கடிச்சா சொறிஞ்சுக்கலாம்," என்றார் அவர். "தட்டைப் பிடுங்கினான் பாரு, அது எங்க கடிச்சுதுன்னு இன்னும் எனக்குத் தெரியல." சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னறைக்குள் போய் நடக்க ஆரம்பித்தார். அவள் சமையலறைக்குள் போய், யாரும் பார்க்காமல் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரம்மா இரண்டு ஸ்பிரே டப்பாக்களும் ஒரு கனத்த பூட்டுமாக இறங்கி வந்தார். அதே சமயம் வாசலில் கார் வந்து நின்றது. புருஷன் இறங்கினான். மடிப்புக் கலையாத வெள்ளைப் பேன்ட். வீட்டை மேலும் கீழும் பார்த்தான். அவள் கழுத்தையும் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்குத்தான் கிளம்பி வந்தியா?" என்றான். "சரி சரி, மூட்டை முடிச்சையெல்லாம் எடு. அப்பா, வாங்க."

"பாருங்க தம்பி, நீங்களாவது சொல்லுங்க," என்று வீட்டுக்காரம்மா அவன் பக்கம் சேர்ந்துகொண்டார். "கடி குறைஞ்ச மாதிரியே தெரியல. உங்கப்பா மேல ஏறி இருக்கிறதைப் பாருங்க."

"குறையல," என்றாள் அவள். "கூடியிருக்கு. எல்லாம் வெளிய வருது. வந்தாத்தான் தீரும். பூட்டிப் போட்டா தீராது, உள்ளயே காத்துக்கிட்டு இருக்கும். இது என் பூனை கொண்டுவந்தது இல்லம்மா. உங்க வீட்டுல எங்களுக்கு முன்னாடியே குடியிருந்தது."

"உனக்கு என்ன தெரியும்?" என்றான் புருஷன். வாய் தவறி வந்ததல்ல. நாக்கிலேயே குடியிருக்கும் வாக்கியம்.

"ஒரு வேலை செய்யலாம்," என்று அவள் அவனை விட்டுவிட்டு வீட்டுக்காரம்மாவிடம் திரும்பினாள். "அந்தப் பக்கத்து ரூம் உங்க பூட்டுல இருக்கு. நாங்க வந்ததுலருந்து அதைத் திறக்கல. என் பூனை அதுக்குள்ள போனதே இல்ல. அதைத் திறங்க. உள்ள பூச்சி இல்லைன்னா நான் இப்பவே இந்தக் கார்ல ஏறுறேன்."

வைத்தியர் சொன்னதையும் ஒரு காரையும் நம்பி, இருக்கிற ஒரே வீட்டைப் பணயம் வைத்துவிட்டாள். உள்ளே எதுவும் இல்லாமல் போனால்? மாமனார்கூட சாக்ஸைத் தட்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

வீட்டுக்காரம்மா தயங்கித் தயங்கிப் பூட்டைத் திறந்தார். சன்னல் மூடிய அறை. சுவரோரம் சோபா. தரை முழுக்கப் பழைய கம்பளம், ஓரங்கள் கிழிந்து, ஏதோ பல்லால் கடித்த மாதிரி. ஓர் அசைவும் இல்லை.

"எங்க?" என்றான் புருஷன். "எங்க இருக்கு? காட்டு." கம்பளத்தின் நடுவில் போய் நின்று, ஒரு காலால் தட்டினான். பிறகு மறு காலால் தட்டினான். "ஒண்ணும் இல்லியே! இவ சொல்றதைக் கேட்டுட்டு நீங்களும்..."

அவன் மேலும் இரண்டு மிதி மிதித்தான், அவளுக்குப் பாடம் நடத்துகிற மிதி. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளைப் பேன்ட்டின் கீழ் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு புள்ளி. அப்புறம் நாலைந்து. அதற்கப்புறம் எண்ணுகிற வேலையெல்லாம் இல்லை, முழங்கால் வரை யாரோ கறுப்பு மை தெளித்த மாதிரி ஆனது. குனிந்து பார்த்தவன், "ஐயோ!" என்று ஒரு கத்து கத்தினான். உதறினான், குதித்தான், தரையை அதிர அதிர மிதித்தான். மிதிக்க மிதிக்க இன்னும் வந்தன.

"குதிக்காதடா, குதிச்சா இன்னும் வரும்!" என்று மாமனார் கத்தினார். கத்திய விதத்தில் கவலை கொஞ்சமும் சந்தோஷம் நிறையவும் இருந்தது.

அவன் தாம் தூம் என்று அறையை விட்டு வெளியே பாய்ந்து வாசலில் போய் நின்றான். வீட்டுக்காரம்மா கதவை இழுத்து மூடிவிட்டு, சாய்ந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"முன்னாடி இருந்தவங்க ரெண்டு நாய் வெச்சிருந்தாங்க," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "இந்தக் கம்பளத்துலதான் படுத்திருக்கும். நல்ல கம்பளம்னு எடுத்து வெச்சேன். மருந்தடிச்சேனேம்மா... பூட்டித்தானே வெச்சிருந்தேன்..."

"தெரியும்மா," என்றாள் அவள். அவர் மேல் இருந்த கோபம் பாதியாகிவிட்டது. அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை, பூட்டை நம்பினார், அவ்வளவுதான். "கம்பளத்தைச் சுருட்டி பிளாஸ்டிக்ல கட்டி எறிஞ்சிடலாம். அந்த ரூமையும் எங்ககிட்ட விடுங்க. மாமா அதுலயும் நடப்பாரு. மருந்தடிக்கணும்னா ஆளை வரவெச்சு நல்லா அடிங்க, நாங்க கொஞ்ச நேரம் வெளிய நிக்கிறோம். ஆனா அடிச்சு முடிச்சதும் உள்ள வந்துடுவோம். காலி பண்ண மாட்டோம்."

வீட்டுக்காரம்மா கனத்த பூட்டைக் கையில் புரட்டிப் பார்த்தார். "நாளைக்கு ஆளை வரச் சொல்றேன்," என்றார். கொஞ்சம் நின்று, "அந்தப் பூனை இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு மாடிப்படியேறினார். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

வாசலில் புருஷன் பேன்ட்டைத் தட்டித் தட்டிக் களைத்திருந்தான். அவள் கார் வரைக்கும் போனாள்.

"இந்தச் சனியனுக்கு நடுவுல இருக்கப் போறியா?" என்றான். குரலில் சிரிப்பு இல்லை. அவன் நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். "பைத்தியமா உனக்கு? அங்க ஒரு பூச்சி உண்டா?"

"இது போயிடும்," என்றாள் அவள். "நான் இங்க இருக்க இருக்க ஒவ்வொண்ணா வெளிய வந்து ஒரு நாள் தீர்ந்துடும். அங்க நான் எவ்வளவு காலம் இருந்து பாத்தேன்? எது தீர்ந்துச்சு?"

அவன் கார்க் கதவைத் திறந்தான். "அப்பா?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். உள்ளேயிருந்து பலகை கிர் கிர் என்று சத்தம் கேட்டதே தவிர, யாரும் வரவில்லை.

"வீட்டுக்குப் போனதும் அந்தப் பேன்ட்டைக் கழட்டிக் கொதிக்கிற தண்ணில ஊறப் போடுங்க," என்றாள். "சோப்புத்தூள் நிறையப் போடுங்க. இல்லைன்னா அங்கயும் வந்துடும்."

அவன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் முதல் தடவையாக ஒரு கெஞ்சல் இருந்தது.

"சோப்புத்தூள் எங்க இருக்கு?"

அவளுக்குத் தெரியும். சமையலறையில், கழுவுகிற தொட்டிக்கு அடியில், இடது பக்கம், நீல டப்பா. இத்தனை வருஷம் அவன் துணிக்கு அவள்தானே எடுத்துப் போட்டாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"தேடுங்க," என்றாள்.